காரீயத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை

இன்று கர்மேலா மஹ்பூத்தைச் சந்தித்தேன்! எருசலேமில் கிவாத் ஷாவுல் பக்கம் பஸ்ஸில் போயிருந்தால் ரொட்டி வேகும் வாசனையில் வயிறு கிள்ளியிருக்கும். அந்த அடுமனைக்குப் பின்தெருவில், கார் பழுதுபார்க்கும் கொட்டகைக்கும் நூரித்தின் மெருகுக் கடைக்கும் நடுவில், ஒரு கதவுக்கு மேலே ஒற்றைச் சொல் எழுதிய பலகை தொங்குகிறது. ட்ஸோரெஃப். அந்தப் பலகைக்குக் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். போன பஸ்கா பண்டிகைக்கு முன்னால் அவளுக்கு நடந்ததைப் பாதி அவளும் மீதி நூரித்தும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுதுகிறேன். இதை நீங்கள் கேட்டே ஆக வேண்டும்.

முதலில் அந்தப் பலகையைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளியை உருக்கி அழுக்கை நீக்குகிறவரும் ட்ஸோரெஃப்தான், இது வெள்ளியா, எவ்வளவு வெள்ளி என்று சோதித்துச் சொல்கிறவரும் ட்ஸோரெஃப்தான். வேதத்தின் எபிரேயத்தில் புடம் போடுவதும் சோதிப்பதும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. கர்மேலாவைக் கேட்டால் இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்பாள். உருக்காமல் எப்படிச் சோதிப்பது? அவள் போகிற ஜெபக்கூடம் ஏமனிலிருந்து வந்த யூதக் குடும்பங்களுடையது. சின்னது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். சனிக்கிழமை ஓய்வுநாளின் வேத வாசிப்பில் அந்தச் சொல் வந்துவிட்டால் ஆண்கள் பக்கமிருந்து யாராவது திரும்பி, "கர்மேலா, உன்னைக் கூப்பிடுறாங்க பாரு" என்பார்கள். பெண்கள் பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து பதில் வரும்: "இன்னைக்கு எனக்கு லீவுன்னு சொல்லு."

அப்பா போன பிறகு உலையை அவள் எடுத்துக்கொண்டாள். கல்யாணம் ஒன்று நடந்து, அது நிலைக்கவில்லை. அதைப் பற்றி அவளும் பேசுவதில்லை, யாரும் கேட்பதுமில்லை. இப்போது ஐம்பத்தெட்டு வயது. புகைபோக்கி விசிறியின் இரைச்சல் காதுக்குள் குடிவந்துவிட்டது. வீட்டில் அமைதியாக இருந்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். மாலையில் வீடு திரும்பினால் மாடிப்படி ஏறுவதற்கு முன்னால் கீழ்ப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொள்வாள். ஏறிப் போகிற பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அவளைச் சுற்றி வளைத்துக்கொண்டு போகப் பழகிவிட்டார்கள். வருஷா வருஷம் மருத்துவமனையில் ரத்தத்தில் எவ்வளவு காரீயம் என்று பார்க்கிறார்கள். "நீங்க வெள்ளியைச் சோதிக்கிறீங்க, நாங்க உங்களைச் சோதிக்கிறோம்" என்று அங்கே ரத்தம் எடுக்கும் நர்ஸ் ஒவ்வொரு தடவையும் சொல்லி ஒவ்வொரு தடவையும் தானே சிரிப்பாள். கர்மேலா கையை நீட்டிக்கொண்டு சுவரைப் பார்ப்பாள்.

வசந்த காலத்தில் யாத்ரீகர் கூட்டம் ஒன்றை வழிகாட்டி ஒருவன் அங்கே கூட்டி வருவான். அவர்களில் யாராவது ஒருவர் நிச்சயம் கண்கலங்கிக் கேட்பார்: உருக்குகிறவர் தன் முகம் வெள்ளியில் தெரிகிறவரைக்கும் காத்திருப்பாராமே, உண்மையா?

"எந்த முகம்?" என்பாள் கர்மேலா. "நான் மூக்குக்கு மூடி, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, தலைக்குத் துண்டு. அதுல என் முகத்தைப் பார்த்தா வெள்ளியே பயந்துடும்."

அவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

"நெருப்பு சுத்தம் பண்ணுதுன்னு எல்லாரும் சொல்றீங்க. நெருப்பு என்ன பண்ணுது? எல்லாத்தையும் இளக்கி விடுது, அவ்வளவுதான். செம்பு, தகரம், கண்ட அழுக்கு அத்தனையையும் தன்மேல இழுத்துக்கிட்டு எலும்புச் சாம்பலுக்குள்ள இறங்கிப் போறது காரீயம். வெள்ளி சும்மா உக்காந்திருக்கும், கடைசியில பேர் வாங்கிட்டுப் போகும். வர்றவங்க எல்லாம் வெள்ளியைக் கேக்குறாங்க, நெருப்பைக் கேக்குறாங்க. காரீயத்தை ஒருத்தரும் கேக்கல."

வழிகாட்டி இதை மொழிபெயர்ப்பதில்லை.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சரக்கைச் சோதிப்பதற்கு அதிலிருந்து ஒரு துணுக்கு வெட்டி, காரீயத் தகட்டில் சுற்றி, சாம்பலால் பிடித்த சின்னக் கிண்ணத்தில் வைத்து உலைக்குள் தள்ளுவார்கள். காரீயமும் அழுக்கும் கிண்ணத்துக்குள் ஊறிப்போய், நடுவில் கடுகு மாதிரியோ மிளகு மாதிரியோ ஒரு வெள்ளி மணி மிஞ்சும். அதை எடை பார்த்தால் சரக்கின் தரம் தெரிந்துவிடும். அந்த மணி சோதித்தவருக்கே சொந்தம், சரக்குக்காரர் கேட்க மாட்டார். கர்மேலா தன் மணிகளை ஆலிவ் ஊறுகாய் வந்த பெரிய கண்ணாடிச் சாடியில் போட்டு வந்தாள். உலையை எடுத்துக்கொண்ட நாளிலிருந்து போட்டது. ஒரு சாடி நிறைய. அதைக் கொண்டு வெள்ளிக்கிழமை மாலை ஓய்வுநாளை வரவேற்று ஏற்றும் மெழுகுவத்திகளுக்குத் தாங்கிகள் இரண்டு தனக்குச் செய்துகொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஊருக்கெல்லாம் வெள்ளி கொடுக்கிறவள் தன் வீட்டில் மெழுகுவத்தியைச் சார்தின் மீன் டப்பாவின் மூடியில்தான் ஒட்டவைக்கிறாள். வேலையை விடும்போது செய்துகொள்ளலாம் என்றிருந்தாள்.

இப்போது ஹமாமா அத்தை. கர்மேலாவுக்கு ரத்த உறவில்லை. ஜெபக்கூடத்தில் மூத்தவர், எல்லாருக்கும் அத்தை. அவருடைய மகள் திர்ஸா குளிர்காலத்தில் நோய் முற்றி இறந்துபோனாள். பாலர் பள்ளியில் சமையல்காரி, கர்மேலாவைவிடச் சில வயது இளையவள். அவள் நினைவாகத் தோரா என்ற வேதச் சுருளுக்கு ஒரு வெள்ளிக் கிரீடம் செய்து வைப்பது என்று முடிவானது. பெண்கள் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். அறுந்த சங்கிலி, ஒற்றைத் தோடு, வளைந்த சர்க்கரைக் கரண்டி. ஹமாமா அத்தை கொடுத்தது திர்ஸாவின் மருதாணி இரவு வளையல்கள். கல்யாணத்துக்கு முந்தைய அந்த இரவில் கைநிறையப் பூட்டுவார்களே, அவை. எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி அவரே பஸ் ஏறிக் கொண்டுவந்தார்.

"பொண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்" என்றார். "வளையல்லேருந்து ஒரு துளிகூட வெளியே போகக் கூடாது. மொத்தமும் அவ கிரீடத்துலதான் இருக்கணும்."

"போகாது அத்தை."

"சத்தியமா?"

"என் மேல் தட்டுல வச்சிட்டா அது ஜெபக்கூடத்துக்கே போய்ச் சேர்ந்த மாதிரி" என்றாள் கர்மேலா.

அவள் பட்டறைச் சுவரில் இரண்டு அலமாரித் தட்டுகள். ஜெபக்கூடத்துக்கென்று நேர்ந்தது மேல் தட்டு, வியாபாரச் சரக்கு கீழ்த் தட்டு. நேர்ந்துவிட்ட வெள்ளியை வேறெதற்கும் எடுக்கக் கூடாது. ஆகவே இரண்டும் கலக்கவே கூடாது. அவள் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். பைகள் என்னவோ ஒரே மாதிரிதான், பட்டறையே எல்லாருக்கும் கொடுக்கும் வெள்ளைப் பருத்திப் பைகள். தட்டு இருக்கும்போது பையில் அடையாளம் எதற்கு?

பஸ்கா நெருங்கியது. பண்டிகைக்குக் கிண்ணம், தட்டு என்று ஊரில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வெள்ளி ஞாபகம் வரும் காலம். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை உலை அணையவில்லை. அதோடு பாலைவனத்திலிருந்து சூட்டுக் காற்று வேறு. இதற்கு நடுவில் பட்டறையையும் துடைத்தாக வேண்டும், ஏனென்றால் கர்மேலா அங்கேதான் மதியம் ரொட்டியை வெந்தய விழுதில் தோய்த்துச் சாப்பிடுகிறாள். பண்டிகைக்கு முன்னால் புளித்த மாவின் துணுக்கு ஒன்றுகூட எந்த இடுக்கிலும் இருக்கக் கூடாதே. பைகளையெல்லாம் தட்டுகளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். மேல் தட்டின் மூலையில் உண்மையாகவே ஒரு ரொட்டித் துணுக்கு கிடந்தது. அதைக் கண்டுபிடித்ததில் அவளுக்குக் கொஞ்சம் திருப்திகூட.

"கர்மேலா! காப்பி ஆறுது!" என்று நூரித் சுவரைத் தட்டினாள்.

போய் இஞ்சிக் காப்பி குடித்தாள். நின்றுகொண்டே குடித்தாள், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று. திரும்பி வந்து பைகளைத் தட்டுகளில் வைத்தாள்.

மறுநாள் காலை கீழ்த் தட்டிலிருந்து இரண்டு பைகளை எடுத்து உருக்கும் மூசையில் கொட்டினாள். அவள் கணக்கில், புகாராவிலிருந்து வந்த யகுதாயெவ் என்ற வியாபாரி ஏலத்தில் எடுத்த பழைய ஓட்டல் கரண்டிகள் அவை. வழக்கமாகக் கொட்டும் முன் தாம்பாளத்தில் பரப்பி, காந்தம் ஓட்டி, ஒவ்வொன்றாகப் புரட்டுவாள். அன்று அதைச் செய்யவில்லை. இரும்பு இல்லை என்று முந்தின நாளே பார்த்தாயிற்று, கண்ணாடி வேர்வையில் மங்கிக் கிடந்தது, கை தானாகவே வேலை செய்தது. எல்லாம் இளகிக் கலந்த பிறகு, அடுத்தது கிரீடத்து வெள்ளி என்று மேல் தட்டுப் பையை எடுத்து முடிச்சை அவிழ்த்தாள்.

உள்ளே முள்கரண்டிகள் இருந்தன.

 முடிச்சை மறுபடி கட்டினாள். பிறகு மறுபடி அவிழ்த்துப் பார்த்தாள். முள்கரண்டிகளேதான். உலையை அணைத்தாள். விசிறியும் நின்றது. சத்தம் நின்றதைக் கேட்டுத்தான் நூரித் மெருகுத் துணியோடு ஓடி வந்தாள்.

"என்னாச்சுடி? மயக்கமா?"

"பை மாறிடுச்சு."

விஷயத்தைக் கேட்டுவிட்டு நூரித் பெருமூச்சு விட்டாள். "அப்பாடா. நான் கைய சுட்டுக்கிட்டியோன்னு பயந்துட்டேன். இதுல என்ன இருக்கு, என் உசுரே? எடை போடு. அவனோட எடை அவனுக்கு, கிரீடத்தோட எடை கிரீடத்துக்கு. வெள்ளியில என்ன குடும்பப் பேரா எழுதியிருக்கு?"

"அத்தை கேட்டது எடை இல்ல."

"கிரீடம் வரும், பளபளன்னு இருக்கும், அந்தம்மா முத்தம் குடுத்துட்டுப் போவாங்க. சொன்னா என்ன கிடைக்கும்? பண்டிகை நேரத்துல ஒரு கிழவி அழுவா. அவ்வளவுதானே?"

 நூரித் சொன்னதில் தப்பு ஒன்றும் கர்மேலாவுக்குத் தெரியவில்லை. தூங்கி எழுந்தால் ஏதாவது தெரியுமோ என்று நினைத்தாள். ஆனால் மூசையில் இறுகிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு எங்கே தூங்குவது? பாதி வளையல் யகுதாயெவிடம் போகும். அவன் யாருக்கோ விற்பான். யாரோ அதைச் சாவிக்கொத்தாகச் செய்வார்கள்.

யகுதாயெவுக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, உங்க கட்டியை நான் தர முடியாது. அதே எடைக்கு வேற வெள்ளி தர்றேன். சுத்தமானது."

"தங்கச்சி, எனக்கு வெள்ளின்னா வெள்ளிதான், அதுக்கு நான் என்ன ஜாதகமா பார்க்கப்போறேன்? பண்டிகைக்கு முன்னாடி வந்துடணும், அது மட்டும் சொல்லு."

"வந்துடும்."

"குரல் என்ன ஒரு மாதிரி இருக்கு?"

"எப்பவும் இருக்குற குரல்தான்" என்று வைத்துவிட்டாள்.

பிறகு சாடியை இறக்கினாள். உருட்டிவிட்டால் பட்டறை முழுக்க ஓடும் என்று, பிள்ளைக்குத் தலை குளிப்பாட்டுகிற மாதிரி ஒரு கையைக் கீழே கொடுத்து மெதுவாகச் சாய்த்தாள். சாடி காலியானபோது தராசு கொஞ்சம் குறைத்தே காட்டியது. தன் பெட்டியில் அறுந்து கிடந்த சங்கிலி ஒன்றையும் மேலே வைத்தாள். சரியாக வந்தது. நூரித் வாசலில் நின்று பார்த்தாள். நூரித் வாயைத் திறக்காமல் நின்ற ஒரே தருணம் அதுதானாம். அவளே சொன்னாள்.

ஹமாமா அத்தையின் வீடு தலைகீழாகக் கிடந்தது. பால்கனி முழுக்கப் பாத்திரங்கள், அடுப்பில் கரண்டிகளைக் கொதிக்கவைத்துச் சுத்தி செய்யும் பெரிய பானை, அலமாரிகளுக்கு வெள்ளித்தாள்.

"வா, உக்காரு. காப்பி குடுக்க முடியாது. பழைய கப்பைக் கட்டி வச்சாச்சு, பண்டிகைக் கப்பை இன்னும் அவிழ்க்கல. நடுவுல மாட்டிக்கிட்ட" என்று காகிதக் கப்பில் தண்ணீர் கொடுத்தார்.

கர்மேலா உட்காரவில்லை. "அத்தை, பை மாறிடுச்சு."

"எந்தப் பை?"

"திர்ஸா பை. தட்டைத் துடைக்கறப்போ மாத்தி வச்சிட்டேன். ஓட்டல் வெள்ளியோட சேர்த்து உருக்கிட்டேன்."

ஹமாமா அத்தை அலமாரிக் கதவைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்தார். "ஓட்டல் வெள்ளின்னா?"

"கரண்டிங்க."

"எம் பொண்ணு வளையலை ஓட்டல் கரண்டியோடவா?"

"ஆமா."

"பிரி. நீதானே பிரிக்கிறவ? பலகையில அதைத்தானே எழுதி வச்சிருக்க?"

"வெள்ளியிலேருந்து செம்பைப் பிரிப்பேன் அத்தை. வெள்ளியிலேருந்து வெள்ளியைப் பிரிக்க எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

துணி வாளியில் விழுந்தது. "உன்னை நம்பித்தானேடி குடுத்தேன்! பெரிய கம்பெனி இருக்கு, அங்க குடும்மான்னு எம் பையன் தலையால அடிச்சுக்கிட்டான். இல்லடா, நம்ம கர்மேலா, கண்ணுல வச்சுப் பார்த்துக்குவான்னு சொன்னேன். உங்கப்பா இருந்தா இப்படி நடந்திருக்குமா?"

"அப்பா இருந்தா அவரும் களைச்சுப் போயிருப்பார் அத்தை" என்றாள் கர்மேலா. குரலில் கோபம் இல்லை. கோபப்படுகிற அளவுக்குத் தெம்பும் இல்லை.

அப்போதுதான் ஹமாமா அத்தை திரும்பி அவளை முழுசாகப் பார்த்தார். கண்ணாடி அழுத்திய தடம், சாம்பல் அப்பிய புருவம், கையில் குடிக்காத காகிதக் கப்.

"உக்காருடி முதல்ல. விழுந்து தொலைக்காத."

உட்கார்ந்தாள். "மொத்தக் கட்டியையும் கிரீடத்துக்கே எடுத்து வச்சிட்டேன். அந்த வியாபாரிக்கு வேற வெள்ளி குடுத்தாச்சு. வளையல்லேருந்து ஒரு துளி வெளியே போகல, போகவும் போகாது. ஆனா கரண்டியும் உள்ள இருக்கும். அது வேணாம்னா சொல்லுங்க. நீங்க சொல்ற வரைக்கும் உலையை மூட்ட மாட்டேன்."

கொதிக்கிற பானையில் கரண்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"அந்தக் கரண்டியில என்னென்ன கண்றாவியத் தின்னாங்களோ" என்றார் ஹமாமா அத்தை.

"உருகின பிறகு ஒண்ணும் மிஞ்சாது அத்தை. உங்க பானைக் கொதிப்பெல்லாம் அதுக்கு முன்னால குளிக்கிற வெந்நீர்."

"எத்தனை பேர் தின்னிருப்பாங்க?"

"யாருக்குத் தெரியும்? ஓட்டல் ஆச்சே. ஊர் உலகமே."

ஹமாமா அத்தை முந்தானை மாதிரி தலையில் சுற்றியிருந்த துணியின் நுனியை வாயில் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து கர்மேலா எழுந்தாள். அழுகைதான், ஆனால் அதற்குள் சிரிப்பும் இருந்தது.

"அவ தனியாச் சாப்பிட்டதே இல்லடி. ஒரு நாள் இல்ல. தட்டு வச்சா ஜன்னல்ல எட்டிப் பார்த்துத் தெருவுல போறவனைக் கூப்பிடுவா. தபால்காரன், காஸ் போட வர்றவன், யாருன்னே தெரியாதவன். எனக்குப் பத்திக்கிட்டு வரும். இது வீடா ஓட்டலாடின்னு திட்டுவேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வரட்டும். கரண்டியும் வரட்டும் அவகூட."

பிறகு வாளியிலிருந்து துணியை எடுத்துப் பிழிந்தபடி, "ஆனா நீ உருக்கறப்போ நானும் அங்க இருப்பேன். உன் தட்டை இனி நம்ப மாட்டேன்" என்றார்.

அவர் வந்தார். கறுப்புக் கண்ணாடி மாட்டி, பிளாஸ்டிக் நாற்காலியைக் கதவோரம் போட்டு உட்காரவைத்தாள் கர்மேலா. எலும்புச் சாம்பலைக் குழித்துப் பிடித்த அகலமான தட்டில் கட்டியையும் காரீயத்தையும் வைத்து உலையை மூட்டினாள். நேரம் ஓடியது. ஹமாமா அத்தை கொஞ்சம் ஜெபித்தார், கொஞ்சம் கண்ணயர்ந்தார், விழித்து, "இன்னுமா?" என்றார்.

"இன்னும் காரீயம் இருக்கு."

"எங்க போகுது அது?"

கர்மேலா நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி.

"கொஞ்சம் புகையாப் போகும். மீதி அடியில இருக்குற சாம்பலுக்குள்ள. அழுக்கையெல்லாம் கூட்டிக்கிட்டு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. அந்தச் சாம்பல் தட்டை ஒரு வண்டிக்காரன் வந்து அள்ளிட்டுப் போவான்."

"அதுக்கு ஒரு கிரீடமும் இல்ல" என்றார் அத்தை.

அந்த நேரம் பார்த்து நூரித் உள்ளே நுழைந்தாள். அவளுக்கு வாய் அடங்கி எவ்வளவோ நேரமாகியிருந்தது. "அத்தை, இவ சொல்லியிருக்க மாட்டா. அந்த வியாபாரிக்குக் குடுத்தது எதைத் தெரியுமா? அதோ பாருங்க, அந்தச் சாடி. காலி. வாழ்நாள் பூரா சேர்த்த மணி. மெழுகுவத்தித் தாங்கி செய்யப்போறேன், செய்யப்போறேன்னு..."

"நூரித், வெளிய போ" என்றாள் கர்மேலா.

"போறேன், போறேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு."

ஹமாமா அத்தை சாடியைப் பார்த்தார்.  உலைக்குள் உருகிய வெள்ளியின் மேல் எண்ணெய்ப் படலம் மாதிரி நிறங்கள் சுழன்றன, மெலிந்தன, கிழிந்தன. கடைசித் திரையும் விலகியபோது வெள்ளி ஒரு கணம் மின்னியது. கர்மேலா அதை எத்தனையோ தடவை பார்த்தவள். ஹமாமா அத்தை "ஐயோ!" என்று எழுந்துவிட்டார்.

"இன்னும் முடியல, உக்காருங்க. சட்டுனு ஆறவிட்டா வெள்ளி மூச்சு விட்டுத் துப்பும். துளி தெறிக்கும். மெதுவாத்தான் ஆறவைக்கணும்." உலைக் கதவை முக்கால்வாசி சாத்திவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றாள். முதுகு சுவரில் பட்டதும் கண் தானாக மூடியது. ஒரு துளியும் தெறிக்கவில்லை.

ஆறிய கட்டியிலிருந்து ஒரு துணுக்கு வெட்டினாள், வழக்கப்படி. காரீயத் தகட்டில் சுற்றிச் சின்னக் கிண்ணத்தில் வைத்துச் சோதித்தாள். மிளகு அளவு ஒரு மணி மிஞ்சியது. எடை பார்த்தாள். சுத்தம். பிறகு இடுக்கியால் மணியை எடுத்துக் கட்டியோடு சேர்த்து வைக்கப் போனாள், கிரீடம் செய்யப்போகும் தட்டாரிடம் அதையும் கொடுத்துவிட வேண்டும் என்று.

"அதை எங்க கொண்டு போற?" என்றார் ஹமாமா அத்தை.

"இதுலயும் வளையல் இருக்குல்ல."

"அந்த மணி சோதிக்கிறவளுக்குத்தானே? எங்க வீட்டுக்காரரும் இதே தெருவுலதான் வேலை பார்த்தார். எனக்குத் தெரியாதா?"

"ஒரு துளிகூடன்னு சொன்னீங்களே அத்தை."

"சொன்னேன். இப்ப இதைச் சொல்றேன். சாடியில போடு."

கர்மேலா நின்றுகொண்டே இருந்தாள்.  ஹமாமா அத்தை தானே எழுந்து, இடுக்கியிலிருந்து அந்த மணியை விரலால் எடுத்து, காலிச் சாடியில் போட்டார். டிங் என்றது. "போய்க் கொஞ்சம் படு" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அந்தச் சாடியை இன்று பார்த்தேன். அதற்குப் பிறகு சேர்ந்தவை அடியை மறைக்கக்கூடக் காணாது. எது திர்ஸாவின் மணி என்று கேட்டேன். "எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு, எனக்கே தெரியல" என்றாள். வெள்ளிக்கிழமை மாலைகளில் இன்னமும் சார்தின் மூடியில்தான் மெழுகுவத்தி. வரும் கோடையோடு வேலையை விடுவாளா என்றதற்குத் தோளைக் குலுக்கினாள். தட்டுகள் அப்படியே இருக்கின்றன. ஆனால் மேல் தட்டுப் பைகளின் கழுத்தில் இப்போது சிவப்பு நூல்!

கிரீடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு ஓய்வுநாள் காலையில் அந்த ஜெபக்கூடத்துக்குப் போங்கள். முடிந்ததும் சாப்பிடாமல் விடமாட்டார்கள், திர்ஸாவின் பெயரில் அப்படி ஒரு பழக்கம் வந்துவிட்டது. கர்மேலாவைப் பார்க்க வேண்டுமென்றால் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் அவளால் பேச முடியாது. இஞ்சிக் காப்பி வாங்கிக்கொண்டு போங்கள். முகம் தெரியுமா என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். காரீயத்தைப் பற்றிக் கேளுங்கள். உங்களால் போக முடியாவிட்டால், எருசலேமுக்குப் போகிற யாருக்காவது இதை அனுப்பிவையுங்கள்.